ஒரே ஆள் உள்ள படங்கள்

பரணிலிருந்து மூன்று சாக்கு மூட்டைகள் இறங்கின. மூன்றிலும் பழைய வார இதழ்கள். திங்கட்கிழமை பழைய பேப்பர்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தூசி தட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, திண்ணையில் அடுக்க வேண்டும்.

மயிலாடுதுறையில் இருக்கும் அந்த வீட்டைக் காலி செய்வதற்கான முதல் வேலை அது. தாத்தா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படுக்கையில் கிடக்காமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஒரு விடியற்காலையில் போய்விட்டார். வீட்டில் மீதியிருந்தது அப்பாயி மட்டும். வயது 64.

சென்னையில் இருக்கும் மகன், "எங்ககூட வந்துடுங்கம்மா" என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள், "இங்க வாங்கம்மா, குளுகுளுன்னு இருக்கும்" என்றார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். இரண்டு பேரும் கடைசியில் கேட்பதும் ஒன்றே. "உங்க இஷ்டம் என்னன்னு சொல்லுங்க."

அப்பாயி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "உங்களுக்கு எது தோதோ அதுவே எனக்கும்."

அது பணிவும் அல்ல, பாசாங்கும் அல்ல. தன் இஷ்டம் என்ன என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. காபி பொடி வாங்குவதிலிருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது வரை, அந்த வீட்டில் எல்லோருடைய இஷ்டமும் அவருக்கு அத்துப்படி. இந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

கோடை விடுமுறைக்கு மகனும் மருமகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளியில் ஹாலிடே ஹோம்வொர்க் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, ஒரு பெரிய சார்ட்டில் 'நான்' என்ற தலைப்பில் கொலாஜ். பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்ட வேண்டும். தன் புகைப்படத்தை ஒட்டக்கூடாது. எழுத்தே இருக்கக்கூடாது. படங்களை மட்டும் வைத்து 'நான் யார்' என்று சொல்ல வேண்டும்.

சாக்கு மூட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குக் கொண்டாட்டம். "அப்பாயி, இதையெல்லாம் வெட்டலாமா?"

அப்பாயிக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. காகிதத்தில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் அவருடையது. அதில் கத்தரிக்கோல் வைப்பதா?

பிறகு நினைவு வந்தது. தன் அம்மா வெட்டாத பத்திரிகையா?

இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பின்னைக் கழற்றி, பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துவிடுவார்கள். காலிகோ துணி ஒட்டிய முதுகு, கெட்டி அட்டை, நடுவில் கதை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்த பொன்னியின் செல்வன், பல வீடுகளில் இன்றும் அப்படித்தான் அலமாரியில் இருக்கிறது. புத்தகமாக வாங்கியவர்களைவிட, வாரா வாரம் சேர்த்துக் கட்டியவர்களுக்கே அதில் பெருமை அதிகம்.

ஆக, அந்தக் குடும்பத்துக்குப் பத்திரிகையை வெட்டுவது புதிதல்ல. கதைக்காக வெட்டியிருக்கிறார்கள். கோலத்துக்காகவும் சமையல் குறிப்புக்காகவும் வெட்டியிருக்கிறார்கள். தனக்காக யாரும் வெட்டியதில்லை, அவ்வளவுதான்.

"வெட்டிக்கோ கண்ணு. எடைக்குப் போறதுதானே."

"நீங்களும் ஒண்ணு பண்ணுங்க அப்பாயி. தனியா பண்ண போர் அடிக்குது."

முதல் நாள் அப்பாயி ஒரு மணி நேரம் பக்கங்களைப் புரட்டினார். நிதானமாக, ஓரம் பிசகாமல் வெட்டினார். குத்துவிளக்கு, ஒரு கோபுரம், புள்ளிக்கோலம், வாழையிலைச் சாப்பாடு, பட்டுப்புடவை விளம்பரம், சிரிக்கும் ஒரு குடும்பம். அழகாக அடுக்கியும் வைத்தார்.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "அப்பாயி, இது பொங்கல் வாழ்த்து மாதிரி இருக்கு."

அப்பாயிக்குச் சிரிப்பு வந்தது. மருமகளும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாயி அந்தப் படங்களை மறுபடி பார்த்தார். குழந்தை சொன்னது சரிதான். அந்தப் படங்கள் தெருவில் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். அடுத்த வீட்டுக்காரருக்கும் பொருந்தும், எதிர்வீட்டுக்காரருக்கும் பொருந்தும். தன்னைப் பற்றி ஒரு படமாவது அதில் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை.

"எங்க ஆர்ட் மிஸ் ஒரு ரூல் சொல்லிருக்காங்க" என்றாள் பேத்தி. "இருபது நிமிஷம் டைமர் வைக்கணும். ஏன் பிடிச்சுதுன்னு யோசிக்கவே கூடாது. கண்ணு எங்க நிக்குதோ அதைக் கிழிச்சிடணும். வெட்டக்கூட வேண்டாம், கையாலயே கிழிக்கலாம். அப்புறமாதான் பாக்கணும்."

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில், பேத்தி போனில் டைமர் வைத்தாள். பாட்டியும் பேத்தியும் கூடத்துத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சரக் சரக்கென்று காகிதம் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பழைய இதழ்களின் உள்பக்கத் தாள் கிழிக்கக் கிழிக்க உதிர்ந்தது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுவதால்தான் செய்தித்தாளும் பழைய பத்திரிகையும் காலப்போக்கில் இப்படி ஆகின்றன. அட்டையும் வழவழப்பான விளம்பரப் பக்கங்களும் மட்டும் நிறம் மாறாமல் இருந்தன. அப்பாயியின் கை அவை இரண்டையும் மாற்றி மாற்றித் தேடிப் போனது. டைமர் அடித்தபோது மடியில் பதினாறு துண்டுகள்.

அவற்றைத் தரையில் பரப்பினார்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு, அதில் ஒரு பெண். நீல வண்ணம் அடித்த ஒரு கதவு. ஜன்னலோரம் ஒரு மேஜை, மேலே டேபிள் ஃபேன். சைக்கிளில் போகும் ஒருத்தி. ஒரு மூக்குக்கண்ணாடி. கரையில் கட்டிய படகு. ஒரே ஒரு டம்ளரில் காபி. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை.

பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பாயி, எல்லாத்துலயும் ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க. பாதில ஆளே இல்ல."

குழந்தை விளையாட்டாகச் சொன்னது. அப்பாயிக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவர் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. 42 வருடம் கூட வாழ்ந்த மனுஷன். குடி இல்லை, கைநீட்டியதில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவர். ஊர் சுற்றி வந்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். அவர் இல்லாத வீட்டில் காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும் கலக்கும்போது கை நடுங்கியது நிஜம். அப்படியிருக்க, மனசு போய் ஒற்றை ஆள் படமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறதே! இது என்ன மனசு? நன்றிகெட்ட மனசா?

விளக்கைப் போட்டு மறுபடி கூடத்துக்கு வந்தார். படங்கள் தரையில் அப்படியே கிடந்தன. தண்ணீர் குடிக்க எழுந்த மருமகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன அத்தை, தூக்கம் வரலையா?"

அப்பாயி பதில் சொல்லவில்லை. மருமகள் படங்களைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போனை எடுத்து, மகளின் ஹோம்வொர்க்குக்காகத் தேடி வைத்திருந்ததைக் காட்டினார்.

கொலாஜ் என்ற சொல், 'ஒட்டுதல்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1912-ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட ஒரு மெழுகுத்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். நவீன ஓவியத்தில் கொலாஜின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். பெர்லினில் ஹன்னா ஹோஃக் என்ற பெண், பகலில் ஒரு பதிப்பகத்தில் பெண்கள் பத்திரிகைகளுக்குப் பின்னல், பூவேலை மாதிரிகள் வரைந்து கொடுத்துச் சம்பளம் வாங்கினார். அதே மாதிரியான பத்திரிகைகளை வெட்டி ஒட்டித் தன் காலத்தையே கேலி செய்யும் படங்களையும் செய்தார். 1919-ல் செய்த புகழ்பெற்ற ஒரு படத்தின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தியைச் சேர்த்தார்.

அப்பாயிக்கு அவர்களைவிட வேறொருவர் பிடித்துப்போனார். மேரி டிலானி. 1700-ல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 1768-ல் கணவர் இறந்துபோனார். அதற்கு நாலு வருடம் கழித்து, 72 வயதில், ஒரு ஜெரேனியப் பூவும் மேஜை மேலிருந்த ஒரு சிவப்புக் காகிதமும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தாராம். கத்தரிக்கோலை எடுத்தார். கறுப்புத் தாளில் வண்ணக் காகிதங்களை இதழ் இதழாக வெட்டி ஒட்டிப் பூக்களைச் செய்தார். பார்வை மங்கும் வரை பத்து வருடங்களில் 900-க்கும் மேற்பட்ட பூக்கள். அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

"எழுபத்திரண்டு வயசுலயா?" என்றார் அப்பாயி.

"ஆமாம் அத்தை. உங்களைவிட எட்டு வயசு மூத்தவங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அப்பாயி மெதுவாகச் சொன்னார். "கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து, ஒரு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்ததில்லம்மா நான். உக்காரணும்னு தோணினதுகூட இல்ல. இப்ப தோணுது. அவர் போனதுக்கு அப்புறம் தோணுதேன்னு..."

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா மேல இருந்த பிரியம் வேற. இது வேற, அத்தை. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறீங்க?"

மறுநாள் மூன்றாவது மூட்டையைப் பிரித்தார்கள். அதற்குள் அப்பாயியின் அம்மா கட்டிவைத்த பைண்டு புத்தகங்கள். திருவாரூர் வீட்டைப் பாகம் பிரித்தபோது, அண்ணன்கள் நகை பாத்திரங்களைக் கணக்குப் பார்க்க, யாரும் கேட்காத இந்தப் புத்தகங்களை அப்பாயி எடுத்துவந்திருந்தார். பெயர் மறந்துபோன ஏதோ ஒரு தொடர்கதை, 1980-ஆம் வருடத்தியது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

அத்தியாயம் முக்கால் பக்கத்தில் முடிந்திருந்தது. மீதி இடத்தை நிரப்ப ஒரு வீட்டுக் குறிப்பு. ஊசிகளை டால்கம் பவுடருக்குள் போட்டு வைத்தால் துருப்பிடிக்காது என்று நாலு வரி. கீழே அப்பாயியின் பெயர். முன்னால் அவர் அப்பாவின் இனிஷியல். பக்கத்தில் திருவாரூர்.

"இது நீங்களா!" பேத்தி கத்தியே விட்டாள்.

அப்பாயிக்குப் பத்தொன்பது வயசு அப்போது. ஐந்து ரூபாய் மணியார்டர் வந்தது. தபால்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதன்பிறகு மூன்று துணுக்குகள், ஒரு வாசகர் கடிதம். 1982-ல் கல்யாணம். புது இனிஷியலோடு ஒன்றிரண்டு அனுப்பிப் பார்த்தார். "வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்?" என்று மாமியார் ஒருநாள் பொதுவாகக் கேட்டார். திட்டவில்லை, அதட்டவில்லை. அப்பாயி நிறுத்திக்கொண்டார். கணவருக்கு அவர் எழுதியதும் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது.

"இன்னொண்ணு சொல்லட்டுமா" என்றார் பேத்தியிடம், குரலைத் தாழ்த்தி. "அந்த ஊசி சமாசாரம் எங்கம்மா சொன்னது. நான்தான் என் பேர்ல அனுப்பிட்டேன்."

அம்மா அந்தப் பக்கத்தைச் சேர்த்துக் கட்டியது கதைக்காக. மகளின் பெயர் அதில் இருந்ததால் அல்ல. மற்ற துணுக்குகள் வந்த பக்கங்கள் எல்லாம் அப்போதே பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். கதையின் தயவில் இந்த ஒன்று பிழைத்துவிட்டது.

அதை வெட்டுவதா வேண்டாமா? வெட்டினால் பின்பக்கத்தில் கதையில் எட்டு வரி போய்விடும். மகன் வந்து பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் எடுத்துக்கலாமேம்மா" என்றார். நல்ல யோசனைதான். அப்பாயி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, நாலு பக்கமும் நேராக, பெயரோடும் இனிஷியலோடும் ஊரோடும் வெட்டி எடுத்தார்.

"அப்பாயி, எழுத்து ஒட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கே?"

"அது உங்க ஸ்கூல் ரூல் கண்ணு. நான் எந்த ஸ்கூல்ல படிக்கிறேன்?"

ஒட்டுகிற வேலை இரண்டு நாள் நடந்தது. ஃபெவிகாலைத் தாராளமாகப் பூசினால் பழைய தாள் ஊறிச் சுருங்கியது. அதனால் மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிளறிக் காய்ச்சிய பசையை விரல் நுனியால் மெல்லியதாகத் தடவினார்கள். பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம் என்பதால் குழந்தை இருக்கும் இடத்தில் அப்பாயி அதைச் சேர்க்கவில்லை. ஒட்டும் முன் எல்லாப் படத்தையும் வெறுமனே வைத்துப் பார்த்து, இடம் மாற்றி மாற்றிப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பதினாறில் ஏழு படங்களை அப்பாயி கழித்துக்கட்டினார். எதை எடுக்கிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதற்குத்தான் நேரம் பிடித்தது. பெஞ்சு இருந்தது. மேஜை இருந்தது. நீலக் கதவு நடுவில் வந்தது. அதன் கீழ் ஓரத்தில், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல், அந்த நாலு வரித் துண்டு.

முதல் நாள் வெட்டிய பொங்கல் வாழ்த்துப் படங்களில் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தார். வாழையிலைச் சாப்பாடு. "இதுவும் நான்தான். சமைக்கப் பிடிக்கும் எனக்கு. பொய் சொல்லக்கூடாது."

பேத்தியின் சார்ட்டில் ஏழு பூனைகளும், ஒரு மலையும், நடுவில் ஒரு பிரஷர் குக்கரும் இருந்தன. குக்கர் எதற்கு என்று அவள் அப்பா கேட்டார். "கோபம் வந்தா நான் அப்படித்தான்பா" என்றாள். வீடே சிரித்தது.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பாயி சொன்னார். "நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்பா."

மகன் சாப்பிடுவதை நிறுத்தினார். "தனியாவா? பி.பி. வேற இருக்கு. நாங்க கூப்பிடுறது பிடிக்கலையாம்மா?" குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

"பிடிக்காம இல்ல. என் இஷ்டம் என்னன்னு நீதானே எட்டு மாசமா கேக்குறே? இப்பதான் தெரிஞ்சுது, சொல்றேன்."

மகனுக்கு உடனே சமாதானம் ஆகவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா அழுதார். "ஊர் என்ன சொல்லும்" என்ற பேச்சும் வந்தது. மருமகள்தான் நடுவில் புகுந்து வழி சொன்னார். ஆறு மாதம் பார்ப்போம். ஒரு சாவி பக்கத்து வீட்டு அம்மாவிடம். தினம் காலையிலும் இரவிலும் போன். மழைக்காலத்தில் ஒரு மாதம் சென்னை. உடம்புக்கு முடியாமல் போனால் மறுபேச்சில்லாமல் கிளம்பி வர வேண்டும். அப்பாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி நிபந்தனை மட்டும் அவர் போட்டது. "வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மகனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

திங்கட்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். இரண்டு மூட்டைகளைத் தராசில் வைத்தார்கள். மூன்றாவது மூட்டை உள்ளேயே இருந்தது.

மறுவாரம் ஆசாரி வந்து, தாத்தாவின் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். தாத்தாவின் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. கொலாஜைக் கூடத்தில் மாட்டலாம் என்றாள் பேத்தி போனில். அப்பாயி ஒப்புக்கொள்ளவில்லை. பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். காலையில் புடவை எடுக்கும்போது அவர் மட்டும் பார்ப்பார்.

பிற்பகல் காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போகிறார். கதவைச் சாத்துகிறார். மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருக்கின்றன. போன வாரம் அதில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார், பழைய தாள் சுருங்காமல் ஒட்டுவது எப்படி என்று. அனுப்பவில்லை. எந்த இனிஷியலைப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.